நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு வரி

அந்தப் பையை மேல வைக்க வேண்டாமுங்க தம்பி, ஆப்பிள் நசுங்கிப் போயிரும். மடியிலயே இருக்கட்டும். ஆர்லிக்ஸ் பாட்டிலும் அதுக்குள்ளதான் இருக்குது. காது போன ஆளைப் பார்க்கப் போறப்ப என்ன வாங்கிட்டுப் போறதுன்னு எனக்குத் தெரியலைங்க. கை கால் ஒடைஞ்சவனுக்கு வாங்கறதையே வாங்கிட்டேன்.

நீங்க எது வரைக்கும் போறீங்க? திண்டுக்கல்லுங்களா. நான் கள்ளிமந்தையத்துல எறங்கிக்குவேன். திருப்பூர்ல ஏறுனதுல இருந்து பார்க்கறேன், அந்தக் கம்ப்யூட்டர் பையைக் கொழந்தை மாதிரி மடியில வெச்சிருக்கீங்க. நானும் ஐ.டி.தானுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். மேனேஜர். எம் பேரு போட்டுக் கதவுல போர்டே இருந்துச்சு. நாச்சிமுத்து, மேனேஜர்னு. போன வாரம்தான் கழட்டுனாங்க. கேஸ் முடியற வரைக்கும் போர்டு இல்லாம இருக்கட்டும் மாமான்னு என்ற மாப்ள சொன்னான். மாப்ளைன்னா தங்கச்சி மவன். ஹரிபிரசாத். கம்பெனி அவனுது.

இப்ப ஒரு கையெழுத்து வாங்கத்தான் போறேன். மதியழகன்னு ஒரு பையன், நம்ம கம்பெனியில வேலை பார்த்தவன். கள்ளிமந்தையத்துல அவங்கப்பன் வீட்டுல இருக்கறான். இந்தப் பேப்பர்ல அவன் கையெழுத்துப் போட்டுட்டா நான் வீட்டுல இருப்பேன். போடலீன்னா திங்கக்கிழமை போலீசு வந்து கூட்டிட்டுப் போயிரும். இன்னைக்குச் சனிக்கிழமை ஆயிப்போச்சு. அதனால எப்படியும் வாங்கிரோணும்.

என்ன கேசுன்னு கேக்கறீங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தானுங்க என்ற பக்கத்து நாயம் தெரியும். எல்லாரும் கடைசியில இருந்துதான் கேக்கறாங்க. இன்ஸ்பெக்டரும் அப்படித்தான். அடிச்சியா இல்லையாங்கறாரு. எதுக்கு அடிச்சேன்னு கேக்க ஒரு ஆள் இல்ல.

நான் தறிகுடோன்ல இருபத்திரண்டு வருசம் மேஸ்திரிங்க. பல்லடம் பக்கத்துல, நாப்பத்தெட்டுத் தறி. தங்கச்சி வீட்டுக்காரர் குடோன். பதினாலு வயசுல நான் தறிக்குப் போனப்ப சென்னியப்பன்னு ஒரு மேஸ்திரி இருந்தாரு. ஒரு நாள் நூல் அறுந்ததைப் பார்க்காம நாலு முழம் ஓட்டிப்போட்டேன். தலைமுடியைப் புடிச்சுத் தறிக்கட்டையில மோதுனாரு பாருங்க. இந்தத் தழும்புதான். தொட்டுப் பாருங்க, பரவாயில்ல. அன்னையில இருந்து நூல் அறுந்தா எனக்கு முதுகுல தெரியுமுங்க. அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கறது சும்மா இல்ல.

ஒருக்கா நாடா தறியை உட்டுப் பறந்து பழனியப்பன்ங்கற ஆளுக்குக் கண்ணுல அடிச்சுப்போட்டுது. நாடான்னா நூலைக் கொண்டுக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடற கட்டைங்க, ரெண்டு மொனையிலயும் இரும்பு. கண்ணு கோழிமுட்டை ஒடைஞ்ச மாதிரி ஆயிப்போச்சு. அவன் கத்தறான். மத்தவனெல்லாம் தறியை நிறுத்திப்போட்டு ஓடி வர்றான். நான் துண்டை எடுத்துக் கண்ணைச் சுத்திக் கட்டிப்போட்டு, வந்தவனுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு முதுகுல வெச்சேன். போய்த் தறியை ஓட்டுங்கடான்னேன். ஷிப்டு முடிஞ்சப்புறம்தான் பழனியப்பனை ஆசுபத்திரிக்குத் தாட்டி உட்டது. அடி உழுந்தப்புறம் அன்னைக்கு அவன் தறி ஒண்ணு தவிர வேற ஒண்ணும் நிக்கல. மேனேஜ்மெண்டுன்னு இப்ப காலேஜுல ரெண்டு வருசம் படிக்கறாங்களே, அதுதானுங்க அது.

கண்ணுங்களா? வரல. ஒத்தைக் கண்ணோடயே அப்புறம் ஆறு வருசம் ஓட்டுனான். நல்ல ஆளு.

அப்புறம் தறி ஓடாமப் போச்சு. எடைக்குப் போட்டாங்க. மாப்ள பெங்களூர்ல வேலை பார்த்துட்டு இருந்தவன் வந்து, அதே குடோன்ல கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பிச்சான். தகரத்தை எடுத்துப்போட்டு ஏ.சி. வெச்சு, ஒரு மூலையில கண்ணாடி ரூம் அவனுக்கு. பத்துப் பேரு வேலைக்கு. சாயப்பட்டறைக்கு ஒரு பெட்டி செய்யறாங்க. சாயம் காய்ச்சற மிசின்ல உள்ள எவ்வளவு சூடு இருக்குது, மூடியைத் தொறக்கலாமா கூடாதான்னு அந்தப் பெட்டி சொல்லும். பெட்டிக்குள்ள இருக்கற புரோகிராமைத்தான் நம்ம பசங்க எழுதறது.

மாப்ளைக்கு ஆளை வேலை வாங்கத் தெரியாது. இந்த மாசம் தர்றேன்னு பட்டறைக்காரங்ககிட்ட வாயைக் குடுத்துப்போட்டு வருவான். எத்தனை நாள் ஆகும்னு பசங்களைக் கேக்க மாட்டான். முடியாதுன்னு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு ரூமுக்குள்ள போயிருவான். ஒரு நாள் எம்பட வீட்டுக்கு வந்து, மாமா, நீங்க வந்து இவனுகளை மேய்ச்சுக் குடுங்க, எப்படி மேய்ப்பீங்களோ எனக்குத் தெரியாது, தேதிக்கு வேலை முடிஞ்சாச் சரின்னான். எப்படின்னு எனக்குத் தெரியாதுன்னு அவன் சொன்னது எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. நம்பிக்கை இருந்தாத்தானே அப்படிச் சொல்லுவாங்க. சின்ன வயசுல அவனுக்கு மொட்டையடிக்கறப்ப என்ற மடியிலதான் உக்கார்ந்திருந்தான்.

எனக்கு இங்கிலீசு வராது. நம்பர் வரும். அங்க மௌனிகான்னு ஒரு புள்ள. பசங்க எழுதறதைச் சோதிச்சுப் பார்க்கற வேலை. ஏங்கண்ணு, யார் எவ்வளவு வேலை பார்த்தாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டேன். அது வெள்ளந்தியா ஒரு எடத்தைக் காட்டிக் குடுத்துருச்சு. ஆளாளுக்கு இன்னைக்கு எத்தனை வரி எழுதியிருக்கறாங்கன்னு அதுல தெரியும். எழுதுனது பச்சையில, அழிச்சது செகப்புல. எனக்கு நிம்மதியாப் போச்சு. தறிக்கு மீட்டர், இதுக்கு வரி. அவ்வளவுதானே.

பழைய கரும்பலகையைத் தொடைச்சு எடுத்து மாட்டுனேன். சாயங்காலம் ஆச்சுன்னா ஆளாளுக்கு வரி எழுதிப்போடுவேன். கம்மியா எழுதுனவனை அடுத்த நாள் காலையில நிக்க வெச்சு வேலை பார்க்கச் சொல்லுவேன். ரெண்டு நாள் தொடர்ந்து கம்மியின்னா அரை நாள் நிக்கோணும். எழுதுனதுல தப்பு இருந்துதுன்னா அந்தத் தப்பு இருக்கற பக்கத்தைப் பேப்பர்ல எடுத்துக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டு உட்டுருவேன். தறியில டேமேஜ் துணி ஓட்டுனவன் கழுத்துல அந்தத் துணியைப் போடறது வழக்கம். சாப்படறப்பவும் அதோடதான் சாப்படோணும். மௌனிகா கூட ஒரு நாள் போட்டுச்சு. பொம்பளப்புள்ளைன்னு நான் பாகுபாடு பார்க்கறது இல்லீங்க.

ஒரே மாசத்துல பலகையில நம்பர் ரெண்டு பங்கு ஆச்சு. ஒரு வரியில எழுதறதை மூணு வரியா ஒடைச்சு எழுதறாங்க சார்னு மௌனிகா சொல்லுச்சு. எழுதட்டுமே. அதிகமா ஓடுனா நல்லதுதானே.

கை வெச்சது ரெண்டாவது மாசம். கல்லூரியில மெடல் வாங்குன பையன் ஒருத்தன், பலகையைப் பார்த்துச் சிரிச்சான். கன்னத்துல ஒண்ணு உட்டேன். மூக்குக் கண்ணாடி பறந்து போய்ச் செவுத்துல அடிச்சு ஒடைஞ்சுது. அப்புறம் ரெண்டு பேருக்கு முதுகுல. தறியில நாடாவைத் தட்டி உடற மரக்குச்சி ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன், வைரம் பாஞ்ச கட்டை. அதை மேசை மேல வெச்சிருப்பேன். பாதி நாள் அதைத் தொடவே வேண்டியதில்ல. பார்த்தாப் போதும், விரல் தானா ஓடும். அடியாத மாடு படியாதுங்க.

மாப்ளையா? அவன் கண்ணாடி ரூமுக்குள்ளதான் இருப்பான். நான் குச்சியை எடுத்தன்னா காதுல ஹெட்போனை மாட்டிக்குவான். சின்ன வயசுல இருந்தே ரத்தம் பார்த்தா மயக்கம் வரும் அவனுக்கு, எளகுன மனசு. மௌனிகாவும் இன்னும் ரெண்டு பேரும் போய் அவன்கிட்ட அழுதிருக்காங்க. மாமா பழைய காலத்து ஆளு, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க, அடுத்த மாசம் டெலிவரி முடிஞ்சதும் பேசலாம்னு சொல்லியிருக்கான். எனக்காகப் பேசறதுக்கு ஒரு ஆள் இருக்குதுன்னு மனசு குளுந்து போச்சுங்க.

இந்த மதியழகனுக்கு வாரேன். இருவத்தஞ்சு வயசு இருக்கும். வாயே தொறக்க மாட்டான். டீ குடிக்கப் போனாலும் தனியாப் போவான். இருக்கறதுலயே கெட்டிக்காரன் அவன்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா பலகையில அவன் நம்பர் எப்பவும் நடுவாந்தரம்தான். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

டெலிவரிக்கு ரெண்டு நாள் இருக்குது. சாயங்காலம் நம்பர் எழுத உக்கார்றேன். மதி பேருக்கு நேரா பச்சையில முன்னூத்தி ஆறு. செகப்புல நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு. கண்ணைத் தொடைச்சுட்டு மறுக்கா பார்த்தேன். நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு வரியை அழிச்சிருக்கான். நீங்க தறி பார்த்திருக்கீங்களா தம்பி? பார்த்திருந்தாத் தெரியும். பத்து நாளா பத்துப் பேரு ஓட்டுன துணியை ஒருத்தன் கத்தியை எடுத்து அறுத்துப் போட்டா எப்படி இருக்கும்?

கூப்புட்டேன். எங்கடா போச்சு நாலாயிரம் வரின்னேன். எந்திரிச்சு நின்னு நிதானமாச் சொல்றான். சார், அது அழுகிப்போன பகுதி சார். சூடு பார்க்கற கருவியோட ஒயரு உள்ள அறுந்து போனாலும், கடைசியா என்ன சூடு இருந்துதோ அதையே காட்டிட்டு இருக்கும். உள்ள கொதிக்கும், வெளிய எழுபதுன்னு காட்டும். தொறக்கலாம்னு பச்சை லைட்டு எரியும். அதையெல்லாம் எடுத்துட்டு முன்னூறு வரியில புதுசா எழுதிட்டேன் சார். ஒயரு அறுந்தா இனி மூடி பூட்டிக்கும்.

எனக்கு அது எதுவும் காதுல ஏறல. முன்னூறு வரியிலயே முடியற வேலையின்னா மிச்சம் நாலாயிரத்தையும் பசங்க எதுக்கு எழுதுனாங்க? என்னைக் கூமுட்டைன்னு நினைச்சுட்டான். திரும்பப் போடுடான்னேன். போட முடியாது சார்னான். அந்தக் குடோன்ல என்ற முன்னால முடியாதுன்னு சொன்னவன் அவன்தானுங்க மொத ஆளு.

ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு நாலு அடி. கணக்கா அடிச்சேன், கோவத்துல அடிக்கல. மொத அடி கையால. இந்தக் கைதான், பாவு உருளை தூக்குன கை. அவனோட இடது காதை, ஒரட்டாங்கைப் பக்கத்துக் காதைச் சேர்த்து உழுந்துச்சு. சக்கரம் வெச்ச நாற்காலி இல்லீங்களா, அது பின்னால ஓடிருச்சு, அவன் மேசை விளிம்புல மோதிக் கீழ உழுந்தான். தூக்கி நிறுத்துனேன். அடுத்த மூணும் குச்சியில, முதுகுல. தலைக்கு நான் குச்சி எடுக்கறதே இல்ல, அந்த அளவு தெரிஞ்சவன். மூணாவதுல குச்சி பொளந்துக்கிச்சு. ஒதடு கிழிஞ்சு சட்டை முச்சூடும் ரத்தம். காதுல இருந்தும் வடியுது. மௌனிகா கத்துச்சு. மத்தவங்க அப்படியே நிக்கறாங்க. அன்னைக்கும் மாப்ள ரூம்லதான் இருந்தான். ஒரு தடவை நிமிந்து பார்த்தான். அப்புறம் எந்திரிச்சு வந்து கண்ணாடிக் கதவை உள்பக்கமாச் சாத்திட்டு, நாற்காலியைச் செவுத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உக்கார்ந்துக்கிட்டான். ரத்தம் ஆகாதுன்னு சொன்னேனுங்களே.

மதி அழுகலைங்க. கையில ரத்தத்தைத் தொடைச்சுட்டு உக்கார்ந்தான். நான் தலைமுடியைப் புடிச்சு மூஞ்சியைக் கம்ப்யூட்டருக்கு நேரா வெச்சேன். ரெண்டே நிமிசம். ரெண்டு பொத்தானைத் தட்டுனான், என்னமோ ரெண்டு வரி டைப் அடிச்சான், அவ்வளவுதான். நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டும் பச்சையில வந்துருச்சு. எந்திரிச்சுப் பையை எடுத்துட்டு வெளிய போனான். அதுக்கப்புறம் வரல. பார்த்தீங்களா, முடியாதுன்னவன் ரெண்டு நிமிசத்துல முடிச்சுட்டான். நாலு அடியில நடந்த வேலை. அன்னைக்குப் பலகையில நம்பரைப் பெருசா எழுதுனேன். டெலிவரியும் சொன்ன தேதிக்குப் போச்சு. பழைய பகுதி திரும்பி வந்துருச்சுங்க சார், அனுப்ப வேண்டாமுன்னு மௌனிகா மாப்ளைகிட்டப் போய்ச் சொல்லியிருக்குது. மொதல்ல போகட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு மாப்ள சொல்லிட்டான். தேதிதானே முக்கியம்.

காது ஜவ்வு கிழிஞ்சு போச்சுன்னு அப்புறம்தான் சொன்னாங்க. அந்தப் பக்கம் இனி கேக்காதாம். ஒரு கையால அடிச்சதுக்கே கிழியுதுன்னா அந்தக் காதுல என்னமோ முன்னாடியே கோளாறு இருந்திருக்கோணும்.

இருவது நாள் கழிச்சு ஒரு சாயப்பட்டறையில நம்ம பெட்டி மாட்டுன மிசின். சூடு ஏறிக்கிட்டு இருக்கறப்ப உள்ள ஒயரு அறுந்து போச்சு. பெட்டி எழுபதுன்னே காட்டிட்டு இருக்குது. உள்ள நூத்தி முப்பது. சாம்பிள் துணி பார்க்கறதுக்கு ஒரு ஒடிசாக்கார ஆளு மூடியைத் தொறந்தான். அவ்வளவு அழுத்தத்துல இருந்த சாயத்தண்ணி முகத்துல இருந்து தொடை வரைக்கும் அடிச்சுப்போட்டுது. கருநீலச் சாயம். சட்டையைக் கழட்டப் போனவங்க கையில தோலும் சேர்ந்து வந்துதாம். ஒன்பது நாள் ஆசுபத்திரியில கெடந்தான். கண்ணு ரெண்டும் நீலமா இருந்துச்சுன்னு பட்டறை மேஸ்திரி சொன்னாரு. ஒன்பதாவது நாள் போயிட்டான். ஊர்ல ரெண்டு பொம்பளப்புள்ளைங்க இருக்குதாம். பேரு என்னமோ சொன்னாங்க, வாயில வரல.

எனக்கும் வெசனம்தானுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். மூடியைத் தொறக்கறதுக்கு முன்னால மேல கையை வெச்சுப் பார்க்கக் கூடாதா? பச்சை லைட்டு எரிஞ்சா உள்ள தலையைக் குடுத்துருவானா? அவங்க மேஸ்திரி சரியில்லைங்க. என்ற கையில நாலு வாங்கியிருந்தான்னா உசுரோட இருந்திருப்பான்.

போலீசு வந்தாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆபீசர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் எடுத்தாங்க. மதி அன்னைக்கு ரெண்டு வரி டைப் அடிச்சான்னு சொன்னேனில்லீங்களா, அது உள்ளயே இருந்திருக்குது. யாரு, எத்தனை மணிக்கு, எதுக்கு மாத்துனாங்கன்னு எழுதற எடமாம். மௌனிகா தமிழ்ல சொல்லுச்சு. மேனேஜர் அடித்துச் சொன்னதால் திரும்பப் போடுகிறேன், இந்த வரிகள் இருந்தால் சூடு தெரியாது, ஆள் சாவான்னு எழுதியிருக்கான். எவ்வளவு விசம் பாருங்க. அதை வாயில சொல்லியிருந்தா நான் ரோசனை பண்ணியிருக்க மாட்டனா? சொன்னான்தான், நான் இல்லைங்கலை. ஆனா அழுத்திச் சொல்லலையே.

அடிச்சீங்களான்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. அடிச்சேனுங்கன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லீங்க. மாப்ள தலையில கையை வெச்சுக்கிட்டான். அப்புறமேட்டுக்கு வீட்டுக்கு வந்து, மாமா இனி நீங்க வாயே தொறக்காதீங்க, நான் பார்த்துக்கறேன்னான். எல்லாரையும் கூப்புட்டுப் பேசுனான். அன்னைக்கு ஆபீஸ் கேமரா வேலை செய்யலைன்னு போலீஸ்ல சொல்லிட்டான். வேலை செஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. எனக்காக அழிச்சுப்போட்டான் பாருங்க. ஒரு வக்கீலை வெச்சு இந்தப் பேப்பரை இங்கிலீசுல எழுதுனான். மதி தன்னோட இஷ்டத்துக்குத்தான் அந்த வரியைப் போட்டான், வேற யாரும் பொறுப்பில்லைன்னு இதுல இருக்குதாம். அவன் விரல்லதானே போட்டான், அதனால அது பொய்யும் இல்லீங்களே.

கம்பெனியில ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. மௌனிகாவும் போட்டுருச்சு. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. வரிசையா வந்து போட்டாங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. எவ்வளவு அடிச்சிருப்பேன், திட்டியிருப்பேன், கடைசியில மேனேஜரை உட்டுக் குடுக்கலையே. அடிக்கற கைதான் அணைக்கும்னு புரிஞ்சுக்கிட்டாங்க. நானும் கீழ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

மதி ஒருத்தன்தான் பாக்கி. மாப்ள போன்ல படிச்சுக் காட்டிக் கேட்டப்ப, அதுல பொய் இருக்குது, நான் போட மாட்டேன்னு வெச்சுட்டானாம். ஒன்பது பேருக்குத் தெரியாத பொய் இவனுக்குத் தெரியுது. கேஸே அவன் கையெழுத்துலதான் நிக்குதுன்னு வக்கீல் சொல்றாரு. மாமா நீங்களே போய்க் காலைக் கையைப் புடிங்க, உங்களைப் பார்த்தா அவன் கண்டிப்பாப் போடுவான்னு மாப்ளதான் தாட்டி உட்டான். ஒண்ணும் பேச வேண்டாம், பேப்பரைக் குடுத்தாப் போதும், அவன் இங்கிலீசு படிப்பான்னான்.

எனக்கு ஒரு ரோசனை தம்பி. அவன் எதைப் பொய்யிங்கறான்னு தெரிஞ்சா பேசறதுக்குத் தோதா இருக்கும். உங்களுக்கு இங்கிலீசு வருமில்லீங்களா. யாருகிட்டயும் காட்ட வேண்டாம்னுதான் மாப்ள சொன்னான். நீங்க என்ன, திண்டுக்கல் போறவரு. இந்தாங்க. மெதுவாப் படிச்சுத் தமிழ்ல சொல்லுங்க.

சுசாந்த நாயக். ஓ, அதுதான் அந்த ஆளு பேருங்களா. சரி. மேல சொல்லுங்க.

மேனேஜர் நாச்சிமுத்து அடித்து, மிரட்டி. ஏனுங்க, அதை எதுக்கு இதுல எழுதியிருக்குது? சரி, நடந்ததுதானே. சொல்லுங்க.

அப்புறம்? ஏன் தம்பி நிறுத்திட்டீங்க. பரவாயில்ல, சொல்லுங்க.

உரிமையாளருக்குத் தெரியாமல். தெரியாமலா? நல்லாப் பாருங்க. அன்று அவர் பெங்களூரில் இருந்தார்னு இருக்குதா. இல்லீங்களே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே உக்கார்ந்திருந்தான். பத்தடி இருக்காது. வேற தேதி எதையாச்சும் படிக்கறீங்களா?

அதே தேதிதானுங்களா.

ஊழியர்கள் யாரும் முன்பு உரிமையாளரிடம் புகார் சொன்னதில்லை. போய் அழுதாங்களே. அனுசரிச்சுக்குங்கன்னு இவன் சொன்னானே. சரி உடுங்க. கீழ ஒன்பது கையெழுத்து. அதுக்குக் கீழ ஒரு கையெழுத்து இருக்குது பாருங்க, அது என்னோடது. அதுக்கு மேல என்ன எழுதியிருக்குது, சாட்சின்னுதானே?

மறுக்கா சொல்லுங்க.

மேற்கண்ட அனைத்தும் உண்மை, இந்தச் சாவுக்கு முழுப் பொறுப்பும் நான் ஒருவனே. நான் ஒருவனே. அப்படியா எழுதியிருக்குது.

கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க.

அப்ப அந்த ஒன்பது பேரும் இதுக்குத்தான் வரிசையா வந்தாங்க. ஒருத்தரும் பேசலைங்க தம்பி. மௌனிகா போட்டுட்டு என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. பாசம்னு நினைச்சு நான் கையெடுத்துக் கும்புட்டேன்.

மடியில உக்கார வெச்சு மொட்டையடிச்ச பய. அவன் இப்ப இந்த சீட்டுல உக்கார்ந்திருந்தான்னா பல்லைக் கழட்டிக் கையில குடுத்திருப்பேன். மூஞ்சியைப் புடிச்சு இந்தக் கம்பியிலயே தேய்ச்சிருப்பேன். ஆனா ஒரு அடி அடிச்சாலும் இந்தப் பேப்பர்ல இருக்கறது நெசமாயிரும். பார்த்தீங்களா, மேனேஜர் மூர்க்கன்னு இன்ஸ்பெக்டர்கிட்டக் காட்டுவான். எம்பட தங்கச்சியும் மவன் பக்கம்தான் நிப்பா.

மதி பொய்யின்னு சொன்னது எதைன்னு இப்பத் தெரியுதுங்க. அவனை அடிச்சதைப் பொய்யிங்கலை. அது நடந்தது. மாப்ள பெங்களூர்ல இருந்தாங்கறதைத்தான் பொய்யிங்கறான். கதவைச் சாத்துனதை அவனும் பார்த்திருக்கான். கீழ உழுந்து கெடந்துட்டுப் பார்த்திருக்கான். இதுல கையெழுத்துப் போட்டா என்னைப் பழி தீர்த்துக்கலாம், ஒரு நிமிச வேலை. போடாம இருக்கறானே, எதுக்குங்க? நான் அவனா இருந்திருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்.

இல்லீங்க, மன்னிப்புக் கேக்க எனக்கு வராது. எப்படிக் கேக்கறதுன்னு தெரியாது. நெசத்தைச் சொல்லப்போனா அந்த நாலாயிரம் வரி எதுக்கு வேண்டாம்னு இப்பவும் எனக்குச் சரியாப் புரியல. ஆனா கதவு சாத்துனதைச் சொல்றதுக்கு இந்த உலகத்துல அவன் ஒருத்தன்தான் இருக்கான். கையெழுத்துப் போடு சாமின்னு கேக்கத்தான் வந்தேன். இப்பப் போடாதே சாமின்னு கேக்கோணும்.

கள்ளிமந்தையம் வந்துருச்சுங்களா. எறங்கறேன் தம்பி. பேப்பரைக் குடுங்க, மடிச்சே குடுங்க. அவங்கப்பன் வாசல்லயே நிறுத்திப்போட்டாலும் பரவாயில்ல, அங்கிருந்தே சொல்லிப் பார்க்கறேன். அவன் வெளிய வந்தான்னா எந்தப் பக்கம் நிக்கறதுன்னுதான் பார்த்துக்கோணும். ஒரட்டாங்கைப் பக்கம் நின்னு நான் என்ன கெஞ்சுனாலும் அவனுக்குக் கேக்காது. சோத்தாங்கைப் பக்கமா நிக்கோணும்.